சுவரோரத்து விஷமூங்கில் குத்தை இடம் மாற்றியது: கடலூர் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூர் மஞ்சக்குப்பத்தில், கெடிலத்துக்கும் தென்பெண்ணைக்கும் இடைப்பட்ட தெரு ஒன்றில் இருக்கிறது அந்தப் பழைய வீடு. கொல்லையில் குளியலறைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலை ஒட்டி, காம்பவுண்டு சுவரோரமாகப் பெரிய விஷமூங்கில் குத்து ஒன்று நின்றது. பெயரில் மூங்கில் இருந்தாலும் இது மூங்கில் அல்ல, லில்லி போலப் பூக்கும் கிழங்குச் செடி. தாவரவியல் பெயர் கிரைனம் ஏசியாட்டிகம். நர்சரிகளில் ஸ்பைடர் லில்லி என்று கேட்டால் சில சமயம் இதைத் தருவார்கள், சில சமயம் ஹைமனோகாலிஸைத் தருவார்கள். பூவைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஹைமனோகாலிஸ் பூவின் நடுவில் மெல்லிய வெள்ளைக் கிண்ணம் ஒன்று இருக்கும். விஷமூங்கிலுக்கு அது கிடையாது, ஒடுங்கிய இதழ்களும் செந்நிறக் காம்புள்ள மகரந்தத்தாள்களும்தான். சாயங்காலம் விரிந்து இரவெல்லாம் மணக்கும். ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் வேலியோரம் நடுவதும் உண்டு.

இந்தக் குத்தை நட்டவர் வீட்டுக்காரரின் தாயார், கல்யாணமாகி வந்த புதிதில். அதற்குப் பிறகு யாரும் அதைத் தோண்டவோ பிரிக்கவோ இல்லை. பிள்ளைக் கிழங்குகள் பெருகிப் பெருகி, நான்கடி அகலத்துக்கு ஒரே அடைசலாக ஆகியிருந்தது. உள்ளே நின்றவற்றுக்கு வெயிலே படுவதில்லை. பூவும் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்ததாக வீட்டுக்காரரின் மனைவி சொன்னார்.

2024 சித்திரையில் சுவரில் விரிசல் விட்டது, குத்து இருந்த இடத்தில் சுவர் வெளிப்பக்கமாகச் சாயவும் ஆரம்பித்தது. பார்க்க வந்த மேஸ்திரி, செடியின் வேர்தான் சுவரைத் தள்ளுகிறது, வெட்டி எறிந்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். தாயார் ஒப்பவில்லை. "சுவரை எப்ப வேணா கட்டலாம், இது இத்தனை வருஷம் ஆகும் தம்பி" என்று என்னிடம் சொன்னார். புதுச்சேரியில் கிரைனம் வகைகளை வளர்க்கிறவன் என்பதால் குடும்பத்தார் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

தோண்டுவதற்கு முன் கண்டவை

முதலில் சுவர் விஷயம். விஷமூங்கிலின் வேர் விரல் பருமனில் சதைப்பிடிப்பாக இருக்கும். மர வேரைப் போல ஆண்டுக்காண்டு பருத்து, கட்டையாகி, செங்கல்லைப் பெயர்க்கும் வேர் அல்ல. சுவரடியில் ஓரிடத்தில் மண்ணை விலக்கிப் பார்த்தோம். அஸ்திவாரம் ஒன்றரை அடிகூட இல்லை. வாய்க்காலின் சிமெண்ட் உடைந்து, தண்ணீர் வருடக்கணக்கில் சுவருக்கு அடியில் இறங்கி, மணலை அரித்துக்கொண்டு போயிருந்தது. மேஸ்திரியும் அதைப் பார்த்த பிறகு ஒத்துக்கொண்டார். ஆனாலும் புது அஸ்திவாரம் தோண்ட இடம் வேண்டும், ஆகவே குத்து நகரத்தான் வேண்டும். செடியைக் குற்றம் சொல்லி எறிவதற்கும் இடம் கேட்டு நகர்த்துவதற்கும் வித்தியாசம் உண்டு. அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் செடியைப் பேசிய விதமே மாறிவிட்டது.

இரண்டாவது, கொல்லையின் மண். மேலே ஓரடிக்கு மணல் கலந்த வண்டல், அதற்குக் கீழே களிமண். கடப்பாரையில் குத்தி எடுத்த குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினோம். மறுநாள் காலையிலும் அடியில் தண்ணீர் நின்றது. பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்தக் குழி முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டது என்பேன்.

மூன்றாவதாக ஒன்று குத்தின் ஓரத்தைச் சுத்தம் செய்தபோது தெரிந்தது. அங்கே இருந்தது ஒரே வகை அல்ல. வாய்க்காலுக்குத் தள்ளி, புல்லுக்குள் மறைந்து, வேறொரு கிரைனம் இருந்தது. வீட்டில் அதைச் சிவப்புக் கோடு போட்ட லில்லி என்பார்கள்: தலை கவிழ்ந்த மணி வடிவப் பூ, வெள்ளை இதழின் நடுவில் கருஞ்சிவப்புக் கோடு. கிரைனம் ஜெய்லானிகம் என்று நான் முடிவு செய்தேன். கோடையில் இலையை உதிர்த்துவிட்டுக் கிழங்கு மண்ணுக்குள் படுத்துவிடும், மழை விழுந்ததும் பூத்தண்டை நீட்டும். விஷமூங்கில் அப்படி முழுதாக உறங்குவதே இல்லை.

இரண்டுக்கும் கிழங்கு இருக்கும் இடமே வேறு. விஷமூங்கிலின் கழுத்து நீண்டு தண்டு போல நிலத்துக்கு மேலே நிற்கும், கிழங்கின் மேல் பகுதியும் பெரும்பாலும் வெளியே தெரியும். கோட்டு லில்லியின் உருண்டைக் கிழங்கோ முழுக்க மண்ணுக்குள் இருக்கும், கழுத்து மட்டும் தரை மட்டத்துக்கு எட்டும். பெயர்த்து நடும்போது ஒன்றை மற்றதைப் போல நட்டால் ஒன்று அழுகும் அல்லது மற்றது காய்ந்து வதங்கும். அதனால் தோண்டுவதற்கு முன்பே கோட்டு லில்லி இருந்த இடங்களில் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை ஊன்றி வைத்தோம்.

எப்போது தோண்டுவது

மேஸ்திரி உடனே, வைகாசியிலேயே தொடங்கலாம் என்றார். அக்னி நட்சத்திரம் அப்போதுதான் முடிந்திருந்தது. அந்த வெயிலில் வேரறுந்த செடியை நட்டால், புது வேர் விடுவதற்கு முன் இலை வழியாகவே கிழங்கு வற்றிவிடும். மறுபக்கம், ஐப்பசி வரை தள்ளினால் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். கடலூரில் அந்த மழை எப்படி அடிக்கும் என்று ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வெட்டுப்பட்ட கிழங்கு நீரில் நின்றால் அழுகாமல் என்ன செய்யும்?

நடுவில் கிடைப்பது ஆடியும் ஆவணியும். சாயங்காலங்களில் வெப்பச் சலன மழை அவ்வப்போது வரும், மண்ணும் சூடாக இருக்கும், பெருமழைக்கு முன் வேர் பிடிக்க இரண்டரை மூன்று மாதம் கிடைக்கும். அதோடு குடும்பத்தில் ஆடியில் கட்டட வேலை தொடங்க மாட்டார்கள். ஆக, ஆடியில் செடியை எடுப்பது, ஆவணியில் சுவர் கட்டுவது என்று முடிவானது. இந்த விஷயத்தில் நாட்காட்டியும் செடியும் ஒரே பக்கம் நின்றன.

தோண்டிய விதம்

முந்தைய நாள் மாலை குத்தைச் சுற்றித் தண்ணீர் ஊற்றி மண்ணை இளக்கினோம். இலைகளைப் பாதிக்கு வெட்டினோம். வேர் குறையும்போது இலையும் குறைந்தால்தான் கிழங்கு தாங்கும். கிழங்கிலிருந்து ஒன்றரை அடி தள்ளிச் சுற்றிலும் பள்ளம் எடுத்து, அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பினார்கள். சுவர்ப்பக்கம் அஸ்திவாரத்துக்குக் கீழே போயிருந்த வேர்களை அறுத்தே எடுக்க வேண்டியிருந்தது, வேறு வழியில்லை.

வேரைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிரைனத்தின் சதை வேர்கள் ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பவை அல்ல. பல வருடம் உயிரோடு இருந்து கிழங்குக்குச் சோறு போடுபவை. அவற்றை ஒட்ட வெட்டி நட்டால் செடி சாகாது, ஆனால் வேரை மறுபடி கட்டுவதற்கே ஒரு வருடத்தைச் செலவழிக்கும், அந்த வருடம் பூவை மறந்துவிட வேண்டியதுதான். பல வீடுகளில் பார்க்கிறேன், வெங்காயத்தைச் சீவுவது போல வேரைச் சீவிக் கையில் கொடுப்பார்கள், வாங்கியவர் அடுத்த வருடம் பூக்கவில்லை என்று பிடுங்கிப் போடுவார். இங்கே முறிந்த, கசங்கிய வேர்களை மட்டும் கத்தியால் நேராக வெட்டினோம். மற்றதை அப்படியே விட்டோம்.

கூலிக்கு வந்த இளைஞர் வெறுங்கையோடு கிழங்குகளைப் பிரித்தார். கொஞ்ச நேரத்தில் முழங்கை வரை அரிப்பும் தடிப்பும். சாறு பட்டதால் வந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, கையுறை கொடுத்த பிறகு வேலை தொடர்ந்தது. இந்தக் கிழங்கில் லைக்கோரின் என்ற நச்சுப்பொருள் உண்டு. வாயில் போட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். தோல் உரித்த சிறு கிழங்கு வெள்ளையாகப் பளபளவென்று இருக்கும், திண்ணையில் பரப்பி வைத்திருந்தபோது பக்கத்து வீட்டுச் சிறு பையன் ஒன்றை எடுத்து விளையாடிக்கொண்டிருந்தான். அதன் பிறகு எல்லாவற்றையும் மாடிப்படிக்கு அடியில் உயரமாக வைத்துச் சாக்கால் மூடினோம். பெயரிலேயே விஷம் இருந்தும், பல வருடம் கூடவே வளர்ந்த செடி என்பதால் வீட்டில் யாரும் அதை அப்படி நினைக்கவில்லை.

பிரித்தது

குத்து ஒரே துண்டாக வரவில்லை. நெம்பும்போதே மூன்றாகப் பிளந்தது. அதில் பெரிய துண்டை மண்ணோடும் வேரோடும் அப்படியே சாக்கில் வைத்துக் கட்டினோம், பிரிக்கவில்லை. மற்ற இரண்டில் ஹோஸ் பைப்பால் மண்ணைக் கழுவி, எது எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரிந்த பிறகு பிரித்தோம். எலுமிச்சை அளவுக்கு மேல் இருந்து, சொந்த வேரும் விட்டிருந்தால் தனியாக்கினோம். அதைவிடச் சின்னதைத் தாயோடு விட்டோம். பெரும்பாலும் கையால் முறுக்கினாலே பிரிந்தன. பிரியாதவற்றைக் கத்தியால் அறுத்து, அறுபட்ட இடத்தில் அடுப்புச் சாம்பல் தடவி, நிழலில் மூன்று நாள் காயவிட்டோம். காயம் காய்ந்து தோல் கட்டுவதற்கு முன் ஈர மண்ணில் வைத்தால் அங்கேதான் அழுகல் தொடங்கும்.

ஒரு கிழங்கில் கடப்பாரை நேராக இறங்கி, நடுக்குருத்தோடு மேல் பகுதி முழுக்கப் பிய்ந்துவிட்டது. வேர் வரும் அடித்தட்டும் அதைச் சுற்றிய சில அடுக்குகளும் மட்டுமே மிச்சம். இளைஞர் குப்பையில் போடப்போனார். அடித்தட்டு முழுதாக இருந்ததால் அதை வாங்கி மணல் நிரப்பிய பழைய தொட்டி ஒன்றில் வைத்தோம்.

நான்கு இடங்களில் நட்டது

பெரிய துண்டைக் கிணற்றுப் பக்கம், காலை வெயில் விழும் மூலையில் வைத்தோம். அங்கே ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, செம்மண்ணும் ஆற்று மணலும் மக்கிய தொழு உரமும் கலந்தோம். குத்து பழைய இடத்தில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில், கிழங்கின் மேல் பாதி வெளியே தெரிய உட்கார்த்தினோம்.

தனித்தனியாகப் பிரித்த பதினொன்றைத் தெருப்பக்கம் கேட்டை ஒட்டி வரிசையாக நடுவது வீட்டுக்காரரின் விருப்பம். தரை மட்டத்திலேயே நட்டார்கள். நீண்ட கழுத்துள்ள செடி, வேர் குறைந்த நிலையில் நிற்காமல் சாயும். நட்டவர் அதைத் தடுக்க, கழுத்தில் அரையடி மூடும்படி மண்ணை அணைத்துவிட்டார். "ஆழமா வெச்சாத்தாம்மா நிக்கும், இல்லாட்டி காத்துல படுத்துரும்" என்று வீட்டம்மாவிடம் சொன்னார். அன்று நான் புதுச்சேரிக்குத் திரும்பியிருந்தேன். அடுத்த வாரம் போய்ப் பார்த்து, மண்ணை எடுத்துவிட்டு மூங்கில் குச்சியில் கட்டச் சொன்னேன். செடிகள் நன்றாக நிமிர்ந்து நின்றதால் வீட்டுக்காரருக்கு மனம் வரவில்லை. மழைக்கு முன் எடுத்துவிடலாம் என்று பேசி முடித்தோம்.

ஆறு கிழங்குகளை வீட்டுக்காரரின் தங்கை புதுச்சேரி கோரிமேட்டுக்கு எடுத்துப் போனார். அங்கே செம்மண் மேடு, தண்ணீர் நிற்காது.

கோட்டு லில்லியைச் சிமெண்ட் தொட்டிகளில், கழுத்து மட்டும் தெரியும்படி முழுக் கிழங்கையும் புதைத்து நட்டோம்.

ஆவணி, புரட்டாசி

முதல் சில வாரங்களில் வெளி இலைகள் எல்லாம் மஞ்சளாகித் தொங்கின. பார்க்க வருத்தமாகத்தான் இருக்கும். பயந்துபோய் வீட்டம்மா காலையும் மாலையும் தண்ணீர் விட ஆரம்பித்தார். இது எல்லா வீட்டிலும் நடப்பது. வேர் இல்லாத செடி தண்ணீரைக் குடிக்காது. விட்ட தண்ணீர் கிழங்கைச் சுற்றி நிற்கும், அவ்வளவுதான். கழுத்தை விரலால் அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, மேல் மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும் என்று சொன்னேன். அவர் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு செடியாக அழுத்திப் பார்த்துத் தெரிவிப்பார். ஆவணி முடியும்போது மேட்டுப்பாத்தியில் இருந்தவற்றின் நடுக்குருத்தில் புது இலை தெரிந்தது. கேட்டோர வரிசையிலும் தெரிந்தது, அதனாலேயே அணைத்த மண்ணை எடுக்கும் பேச்சு பின்னுக்குப் போனது.

உரம் எதுவும் போடவில்லை. வேர் பிடிக்காத செடிக்கு உரம் போடுவது வீண். பச்சைச் சாணம் போட்டால் அழுகலுக்கே வழி.

பெஞ்சல் புயலும் அதற்குப் பிறகும்

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. சாத்தனூர் அணை திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து, கடலூரில் பல பகுதிகள் நீரில் நின்றன. இந்த வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் தெருப்பக்கத் தோட்டத்தில் முழங்கால் அளவு தேங்கி, வடிய நாட்களாயின. ஊரே தவித்த நேரத்தில் செடியைப் பார்க்க யாருக்கும் முடியவில்லை, அது சரிதான். புதுச் சுவர் நின்றது.

கார்த்திகை கடைசியில் பார்த்தபோது மேட்டுப்பாத்திக் குத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கேட்டோர வரிசையில் பதினொன்றில் ஆறு, கழுத்தை அழுத்தினால் கொழகொழவென்று உள்ளே போயின, நாற்றமும் அடித்தது. தோண்டி எடுத்ததும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. கிழங்கும் வேரும் ஓரளவு கெட்டியாக இருந்தன. மண் மூடியிருந்த கழுத்துப் பகுதிதான் முதலில் அழுகி, அழுகல் அங்கிருந்து கீழே இறங்கியிருந்தது. விஷமூங்கில் தண்ணீரைத் தாங்கும் செடி, கடலோரத்திலும் ஓடைக்கரையிலும் தானாகவே வளரும். அது தாங்காதது, காற்றில் இருக்க வேண்டிய கழுத்து மாதக்கணக்கில் ஈர மண்ணுக்குள் அடைபட்டிருப்பதை.

நான்கு போய்விட்டன. இரண்டில் அழுகிய அடுக்குகளை ஒவ்வொன்றாக உரித்து, கெட்டியான வெள்ளைச் சதை வரும் வரை வெட்டி, சூடோமோனாஸ் என்ற, அழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாக் கரைசலில் நனைத்து, நிழலில் காயவைத்து ஆற்று மணலில் வைத்தோம். மிச்சம் ஐந்தின் கழுத்திலிருந்து மண்ணை எடுத்து, மூங்கில் குச்சியில் கட்டினோம்.

தை மாதம் புழு வந்தது. கருப்பு உடம்பில் வெள்ளைப் பொட்டும் செம்மஞ்சள் பொட்டும் உள்ள லில்லிப் புழு, கூட்டமாக வந்து இலையை அடிவரை தின்றுவிடும். கையுறை போட்டுப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டார்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளித்தார்கள், வாரம் ஒருமுறை. புழு சின்னதாக இருக்கும்போதே பார்த்தால் இது போதும். இலை போனாலும் கிழங்கு மறுபடி இலை விடும், ஆனால் வேர் பிடிக்கும் வருடத்தில் அது செடிக்குப் பெரிய இழப்பு.

2025-ல் கிடைத்தது

முதலில் பூத்தது யாரும் அதிகம் கவலைப்படாத கோட்டு லில்லி. கோடை மழை ஒன்று விழுந்த பிறகு தொட்டியில் பூத்தண்டு எழுந்தது. கிழங்கு உறங்கும் வகை என்பதால் இடம் மாறியதை அது அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை என்று நினைக்கிறேன்.

மேட்டுப்பாத்திக் குத்து ஆவணியில் இரண்டு தண்டு விட்டது. ஒவ்வொன்றிலும் இருபதுக்கு மேல் மொட்டு. தாயார் நாற்காலியைக் கிணற்றடிக்குப் போடச் சொல்லி உட்கார்ந்தாராம்.

கோரிமேட்டுக் கிழங்குகள் ஆறும் பிழைத்தன, இலை தடித்துப் பச்சையாக இருக்கிறது, பூ இல்லை. தங்கை ஃபோனில் வருத்தப்பட்டார். தனியாகப் பிரித்த கிழங்கு பூக்க இரண்டு வருடம்கூட ஆகலாம். அதுவரை அதை அசைக்காமல் விட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கோடையில் செம்மண் சீக்கிரம் காய்வதால் தென்னை மட்டையும் சருகும் போட்டு மூடாக்கு வைத்திருக்கிறார்.

கேட்டோர வரிசையில் மிஞ்சிய ஐந்தும் இருக்கின்றன. மணலில் வைத்த இரண்டில் ஒன்று துளிர்த்தது. கடப்பாரை பட்டுத் தலை போன கிழங்கு அடித்தட்டைச் சுற்றி ஐந்து பிள்ளைகள் விட்டிருக்கிறது. நடுக்குருத்து போனால் அடித்தட்டிலிருந்து இப்படிப் பெருகுவது கிரைனத்தின் இயல்பு. கிழங்கு அரிதாகக் கிடைக்கும் வகைகளில் இதை வேண்டுமென்றே வெட்டிச் செய்பவர்களும் உண்டு.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

ஆடி மாதம் என்ற முடிவை மாற்ற மாட்டேன். பெரிய துண்டைப் பிரிக்காமல் வைத்ததையும் மாற்ற மாட்டேன். ஒரே வருடத்தில் பூ கிடைத்தது அதனால்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் தனித்தனியாக்கும் ஆசையை அடக்கி, மூன்று நான்கு கிழங்குகள் சேர்ந்த துண்டுகளாகவே நட்டிருந்தால் கேட்டோரத்திலும் இழப்பு குறைந்திருக்கும். சேர்ந்த துண்டு தன் எடையிலேயே நிற்கும், அணைக்கத் தேவையே வராது.

நடும் நாளில் மூங்கில் குச்சிகள் கையில் தயாராக இருக்க வேண்டும். குச்சி இல்லாததால்தான் மண்ணை அணைத்தார்கள். எந்த மட்டம் வரை மண் என்பதை, தோண்டும்போதே கிழங்கின் கழுத்தில் ஒரு நூல் கட்டிக் குறித்துவிட்டால் நடுபவர் யாராக இருந்தாலும் தடுமாற மாட்டார். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்த சோதனையைக் கொல்லையில் மட்டும் செய்தோம். நடப்போகும் ஒவ்வொரு இடத்திலும் செய்திருக்க வேண்டும்; செய்திருந்தால் தெருப்பக்கத்துக்கும் மேட்டுப்பாத்தி போட்டிருப்போம்.

கூலிக்கு வருபவருக்கு வேலை தொடங்கும் முன்பே கையுறை கொடுத்து, சாறு பற்றிச் சொல்லிவிட வேண்டும். அரிப்பு வந்த பிறகு கொடுப்பது அவருக்குச் செய்யும் நியாயம் அல்ல.

இப்போது மேட்டுப்பாத்திக் குத்தில் பூ முடிந்து காய் பிடித்திருக்கிறது. காய்க்குள் பெரிய சதைப்பற்றான விதைகள் இருக்கும், கெட்டித் தோல் கிடையாது. காயவைத்துச் சேமிக்க முடியாது, பறித்துச் சும்மா வைத்தாலே முளை விட்டுவிடும். வீட்டம்மாவுக்கு அவற்றைப் புதைக்காமல் ஈர மணலின் மேல் வைத்து, நிழலில் விடச் சொல்லியிருக்கிறேன். நாற்று பூக்கச் சில வருடங்கள் ஆகும். கேட்டோரத்தில் காலியான இடங்களுக்கு மேடு போட்டு, அவற்றை 2026 ஆடியில் நடுவதாகத் திட்டம்.